எட்டுக் குரலில் ஒரு வழக்கு: மெண்டல்சோனின் 43ஆம் சங்கீதம்

முதலில் ஆண்குரல்கள் மட்டும். டெனாரும் பேஸும் பிரியாமல், ஒரே மெட்டை ஒரே குரலாகப் பாடுகின்றன: "ரிஷ்டெ மிஷ், காட்", தேவனே, எனக்கு நியாயம் தீரும். ஆர்கன் இல்லை, வயலின் இல்லை, சுருதிக்குக்கூட எதுவும் இல்லை. நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவன் தானே எழுந்து நின்று பேசத் தொடங்குவதுபோல இருக்கும். அவன் தன் வாக்கியத்தை முடித்ததும் மேல்குரல்கள் நான்காகப் பிரிந்து, தணிந்து, மெத்தென்று பதில் சொல்கின்றன. அதே மனுவின் மறுபாதிதான் அது: பொய்யரிடமிருந்தும் பொல்லாதவரிடமிருந்தும் என்னைத் தப்புவியும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சோன், வேதாகமத்தின் 43ஆம் சங்கீதத்துக்கு 1844 ஜனவரியில் பெர்லினில் எழுதிய இசை இது. அவர் படைப்புகளின் வரிசையில் ஓபஸ் 78, எண் 2. பாடி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்தச் சிறிய நேரத்துக்குள், யாரோ ஒருவருக்காக, எங்கோ ஒரு ஆராதனை ஒழுங்குக்காக, ஆயிரம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு எழுதிய ஒரு துண்டு எப்படி இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதுதான் என்னை இத்தனை வருடமாகப் பிடித்துவைத்திருக்கும் கேள்வி. நிபந்தனைகளிலிருந்தே தொடங்குகிறேன். பாட்டின் வடிவம் அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் கட்சி.

அரசருக்கு வேண்டியிருந்தது

1840இல் பிரஷ்யாவின் அரியணை ஏறிய நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்குக் கலைகளில் பெரிய ஆசை. தன் தலைநகரத்தில் நாடகம், ஓவியம், சபை இசை எல்லாம் பழைய மகிமையோடு தழைக்க வேண்டும் என்று நினைத்தார். லைப்சிக்கில் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை 1835 முதல் நடத்திவந்த மெண்டல்சோனைப் பெர்லினுக்கு அழைத்தார். 1842இல் தலைமை இசை இயக்குநர் என்ற பட்டமும் சபை இசையின் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தன. 1843இல் அரண்மனைப் பேராலயத்துக்குச் சிறுவர்களும் ஆண்களும் கொண்ட ஒரு தேர்ந்த பாடகர் குழு ஒழுங்காக அமைக்கப்பட்டது. அதைப் பயிற்றுவித்தவர் ஆகஸ்ட் நைத்ஹார்ட்.

அரசர் கேட்டது ஆராதனையின் தொடக்கத்தில் பாட ஒரு சங்கீதம், அந்தந்த நாளுக்குப் பொருத்தமாக. 1843 கிறிஸ்துமஸுக்கு 2ஆம் சங்கீதம். 1844 புத்தாண்டுக்கு 98ஆம் சங்கீதம், அதுவும் இரட்டைப் பாடகர் குழுவோடும் வாத்தியக் குழுவோடும், நடுவில் ஹார்ப் மீட்டல் ஒலிக்க. தேவாலயத்துக்குள் இவ்வளவு வாத்தியமா என்று குருமார் தரப்பில் மனக்குறை இருந்தது. அரசர், குருமார், இசைஞர் மூவரும் மூன்று வேறு ஆராதனையை மனதில் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் தவறில்லை.

அடுத்து வந்தவை லெந்து நாட்கள், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய நோன்புக் காலம். அந்தக் காலத்துக்கு அவர் எழுதிய இரண்டு சங்கீதங்களும் குரலுக்கு மட்டும் எழுதியவை: பெரிய வெள்ளிக்கு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதம், அதற்கு முன், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு இரண்டு ஞாயிறு முந்தி வரும் யூடிகா ஞாயிறுக்கு இந்த 43ஆம் சங்கீதம். 1844இல் அந்த ஞாயிறு மார்ச் 24. "யூடிகா" என்ற பெயரே இந்தச் சங்கீதத்தின் லத்தீன் முதற்சொல்தான். "நியாயம் தீரும்" என்று பொருள். ஆக, எந்தச் சங்கீதம் என்பதில் மெண்டல்சோனுக்குத் தேர்வே இல்லை, நாள்காட்டி முடிவு செய்துவிட்டது. நீளத்திலும் தேர்வு இல்லை, ஆராதனை தொடங்கக் காத்திருக்கிறது. வாத்தியமும் இல்லை. கையில் மிச்சம் இருந்தது மார்ட்டின் லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த வேத வசனமும் ஒரு நல்ல பாடகர் குழுவும்தான்.

இன்று பெர்லினில் நாம் பார்க்கும் அந்தப் பெரிய குவிமாடப் பேராலயத்தில் அவர் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது 1905இல் திறக்கப்பட்டது. மெண்டல்சோன் காலத்தில் இருந்தது 18ஆம் நூற்றாண்டில் கட்டி, பின்பு ஷிங்கல் என்ற கட்டடக் கலைஞர் திருத்தியமைத்த பழைய பேராலயம். 1893இல் அதை இடித்துவிட்டார்கள். எந்தச் சுவர்களுக்காக இந்த இசை எழுதப்பட்டதோ அந்தச் சுவர்கள் இப்போது இல்லை. இன்னொன்றும் இல்லை: மேல்குரல்களைப் பாடிய அந்தச் சிறுவர்களின் சத்தம். இன்றைய பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் அதைப் பெண்கள் பாடுகிறார்கள். அழகாகவே இருக்கிறது. ஆனாலும் தகப்பன் வயதுடையவர்கள் முறையிட, பிள்ளைகள் பதில் சொல்வதுபோல ஒலித்திருக்கக்கூடிய அந்த முதல் வடிவத்தை நான் மனதில் அடிக்கடி கேட்டுப்பார்ப்பதுண்டு.

ஐந்து வசனம், கடன் வாங்கிய பல்லவி

43ஆம் சங்கீதம் தனியாக நிற்கும் பாட்டல்ல என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சுற்றியிருக்கும் சங்கீதங்களைப்போல எபிரெயத்தில் இதற்குத் தலைப்பு இல்லை. அதைவிடப் பெரிய சாட்சி, கடைசி வசனம்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு." இதே வரி 42ஆம் சங்கீதத்தில் 5ஆம் வசனத்திலும் 11ஆம் வசனத்திலும் வந்துவிட்டது. அங்கே இரண்டு முறை, இங்கே ஒரு முறை. கீர்த்தனையில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவதுபோல, ஒரே நீண்ட பாட்டு இரண்டாக வெட்டுப்பட்டு நம் கைக்கு வந்திருக்கிறது.

மெண்டல்சோனுக்கு இந்தப் பல்லவி புதிது அல்ல. 1837 மார்ச்சில் அவருக்குத் திருமணம். தேனிலவுப் பயணத்திலேயே "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற 42ஆம் சங்கீதத்தை வாத்தியக் குழு, தனிக்குரல், பாடகர் குழு எல்லாவற்றோடும் எழுதத் தொடங்கினார். 1838 புத்தாண்டு அன்று லைப்சிக் கெவாண்ட்ஹவுஸில் பாடப்பட்டது. அது கச்சேரி மேடைக்கான இசை. இன்பமான, வட்டமான, நிறைவான இசை. பல்லவி அங்கேயும் வருகிறது. ஆனால் அங்கே அவர் பல்லவியோடு நிறுத்தவில்லை. இஸ்ரவேலின் தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று சங்கீதத்தில் இல்லாத ஒரு துதிவரியைச் சேர்த்து, அதைப் பெரிய கோரஸாக விரித்து முடிக்கிறார். கலங்கும் ஆத்துமாவை "காத்திரு" என்ற சொல்லோடு விட்டுவிட்டுப் போக இளம் மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை போலும்.

ஆறேழு வருடம் கழித்து மிச்சம் ஐந்து வசனத்துக்கு வருகிறார். அச்சில் நாம் காணும் வடிவம் சங்கீதம் முடிகிற அதே சொல்லில் முடிகிறது, கூடுதலாக ஒரு துதியும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். "தேவனை நோக்கிக் காத்திரு" என்று வரும் இடத்தில் இரண்டு மெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காதே சொல்லிவிடும். வெட்டுப்பட்ட பாட்டை அவர் தம் இசையால் தைத்திருக்கிறார். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பெரும்பாலானோர் 42 என்பார்கள். நான் 43 பக்கம். அதில் ஆறுதல் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

குடும்பக் கதை ஒன்றும் இதோடு பின்னிக்கிடக்கிறது. பெலிக்ஸின் தாத்தா மோசஸ் மெண்டல்சோன் பெர்லினின் பெரும் யூதத் தத்துவஞானி. எபிரெயச் சங்கீதங்களைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து 1783இல் வெளியிட்டவர். பேரன் 1816இல் ஏழு வயதில் ஞானஸ்நானம் பெற்றுப் புராட்டஸ்டண்டாக வளர்ந்தவர். அவர் இசைக்கு எடுத்தது லூத்தரின் வரிகளை. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை, ஒரே சங்கீத புத்தகத்தை இரண்டு வாசல் வழியாக அணுகியிருக்கிறது.

யார் யாரிடம் பேசுகிறார்?

சங்கீதத்தை வாசித்துப்பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். முதல் நான்கு வசனம் தேவனிடம் பேசுகிறது. ஐந்தாவது திடீரென்று தன் ஆத்துமாவிடம் பேசுகிறது. பேசுபவன் ஒருவனே. ஆனால் அவனுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: முறையிடுகிறவன், தேற்றுகிறவன்.

மெண்டல்சோனின் முடிவு இங்கேதான். எட்டுக் குரல் கிடைத்தால் இரண்டு பாடகர் குழுவாக இடமும் வலமும் நிறுத்தி, எதிரெதிரே பாடவைப்பது பழைய வழக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் நான்கும் இருக்கும். இங்கே அவர் நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டுகிறார். கீழே ஆண்கள், மேலே சிறுவர்கள். கீழே ஒற்றை மெட்டு, மேலே நான்கு குரல் இசைவு. ஒரு உடம்பின் நெஞ்சும் தலையும் மாறி மாறிப் பேசுவதுபோல.

1831இல் ரோமில் பரிசுத்த வாரம் முழுக்க இருந்து, அங்கே சங்கீதங்களை இரு பக்கமும் வசனத்துக்கு வசனம் மாற்றிப் பாடுவதை அவர் கவனமாகக் கேட்டு, தம் ஆசான் செல்ட்டருக்கு நீண்ட கடிதமாக எழுதியிருக்கிறார். அந்தப் பாடுமுறை அவருக்கு அவ்வளவாக உவக்கவில்லை. ஆனால் மாற்றிப் பாடுவது என்ற எலும்புக்கூடு மனதில் தங்கியிருக்க வேண்டும். யூடிகா ஞாயிறுக்கு அதை எடுத்துச் சதை பூட்டியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதன் சுர உலகம் அந்நியமாக இராது. D மைனர் என்ற அந்த மேளம் ஏறத்தாழ நமது நடபைரவி. முடிவுகளை நெருங்கும்போது கீரவாணியின் நிஷாதம் எட்டிப்பார்க்கும். முதல் பகுதி முழுக்க அந்த இருட்டில்தான் நடக்கிறது. "ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர்?" என்ற கேள்வி வருகிறது, "நான் ஏன் துக்கத்துடனே திரியவேண்டும்?" என்ற கேள்வி வருகிறது. எதற்கும் பதில் வருவதில்லை.

பிறகு தாளம் மாறுகிறது. "உமது வெளிச்சத்தையும் உமது சத்தியத்தையும் அனுப்பியருளும்". எட்டில் மூன்று என்று எழுதப்பட்ட தாளம். இதுவரை நின்று பேசியவன் இப்போது நடக்கத் தொடங்குகிறான். வசனமே பயணத்தைத்தான் சொல்கிறது: அவை என்னை நடத்தி, பர்வதத்துக்கும், வாசஸ்தலத்துக்கும், அங்கிருந்து பீடத்தண்டைக்கும். மூன்றடியில் கால் தானாக எழும்புகிறது. கோயிலைப் பார்க்க மலையேறுகிறவனின் நடை அது.

அப்படி ஏறி, பீடத்தின் அருகே வந்ததும் அவன் செய்யப்போவதாகச் சொல்வது என்ன? "உம்மைச் சுரமண்டலத்தால் துதிப்பேன்." லூத்தர் அங்கே ஹார்ப் என்கிறார். சில நாள் முன்பு புத்தாண்டுப் பாட்டில் நிஜமான ஹார்ப்பையே பேராலயத்துக்குள் ஒலிக்கவைத்தவர், இந்த லெந்துப் பாட்டில் ஹார்ப் என்ற சொல்லை வாத்தியமே இல்லாத குரல்களிடம் கொடுக்கிறார். கைக்குக் கிடைக்காத சுரமண்டலத்தை வாயால் வாக்குக் கொடுக்கிறான் பாடகன். சங்கீதக்காரனின் நிலையும் அதுதானே: அவன் இன்னும் பீடத்துக்குப் போய்ச் சேரவில்லை. போனால் மீட்டுவேன் என்கிறான். வாத்தியம் இருந்திருந்தால் இந்த இடம் இவ்வளவு நெஞ்சைத் தொட்டிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வாக்குறுதிக்குப் பின் எல்லாம் நன்றாக முடிய வேண்டும். முடியவில்லை. பழைய நாலடித் தாளமும் பழைய இருட்டும் திரும்புகின்றன. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" குரல்கள் மறுபடி பிரிந்து நிற்கின்றன. இடையிடையே எட்டும் சேர்ந்து பாடிய இடங்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் சேர்க்கை கலைந்துதான் போயிருக்கிறது. இப்போதும் கலைந்திருக்கிறது.

அடுத்த சொல் "ஹாரெ". காத்திரு. அந்த ஒரு சொல்லில் எட்டுக் குரலும் ஒன்றாக இறங்குகின்றன. சட்ஜம் அதேதான். காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் மேலே ஏறிவிடுகின்றன, நடபைரவி சங்கராபரணமாகிறது. அதன்பின் கடைசிச் சொல் வரைக்கும் குரல்கள் பிரிவதில்லை. எதிரி தோற்கவில்லை, வழக்கில் தீர்ப்பு வரவில்லை, வெளியே எதுவும் மாறவில்லை. முறையிடுகிறவனும் தேற்றுகிறவனும் ஒருவராகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மனில் காத்திருப்பதற்குச் சாதாரணமாக வேறு சொல் இருக்கிறது. வண்டிக்குக் காத்திருப்பதற்கு "வார்ட்டன்". "ஹாரன்" என்பது பழைய, கனமான சொல், நம்பிக்கையை விடாமல் நிலைத்திருப்பது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "நோக்கி" என்ற சொல் அந்தக் கனத்தைத் தாங்குகிறது. தேவனுக்காகக் காத்திரு என்று எழுதியிருந்தால் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வந்திருக்கும். தேவனை நோக்கிக் காத்திரு என்னும்போது முகம் ஒரு திசைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த வரியில் "என் முகத்திற்கு இரட்சிப்பும்" என்று அந்த முகமே வந்து நிற்கிறது. லூத்தரிடமும் அப்படியே முகம் இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்காகவே தமிழ் வசனத்தையும் ஜெர்மன் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாட்டைக் கேட்கச் சொல்வேன்.

அதன் பிறகு

பெர்லின் ஏற்பாடு நிலைக்கவில்லை. 1844 முடிவதற்குள் மெண்டல்சோன் அங்கிருந்த பொறுப்பிலிருந்து பெரும்பாலும் விலகி, பின்பு லைப்சிக் திரும்பினார். பேராலயத்துக்காக அதன்பின்னும் அவ்வப்போது எழுதினார். 1847 மேயில் உயிருக்குயிரான அக்கா ஃபான்னி இறந்தார். நவம்பர் 4ஆம் தேதி பெலிக்ஸும் போய்விட்டார். வயது 38. ஓபஸ் 78 அச்சில் வந்தது அதற்குப் பிறகுதான். இந்தச் சங்கீதம் பரவியதை அவர் பார்க்கவில்லை.

லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் முன்னால் அவருக்கு எழுப்பிய வெண்கலச் சிலையை 1936 நவம்பரில் நாஜிகள் இரவோடு இரவாக அகற்றினார்கள். நகரத்தின் மேயர் கார்ல் கோர்டலர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து நடந்தது அது. திரும்பி வந்து, சிலையை மறுபடி நிறுத்த முடியாமல் பதவி விலகினார். ஞானஸ்நானமும் லூத்தரின் வசனமும் எல்லாம் இருந்தும், தாத்தாவின் இரத்தம் போதுமானதாக இருந்தது அவர் இசையை மேடையிலிருந்து விலக்க. "பக்தியில்லாத ஜாதியாரோடே எனக்காக வழக்காடி" என்ற முதல் வசனத்தை அந்த வருடங்களை நினைக்காமல் என்னால் இப்போது கேட்க முடிவதில்லை. 2008இல் அதே சிலையின் மறுவார்ப்பு தோமா ஆலயத்தின் அருகே நிறுத்தப்பட்டது, இசையமைப்பாளர் பாக் பணியாற்றிய ஆலயம். அந்த பாக்கின் "மத்தேயு பாடுகள்" என்ற பெரிய இசைப்படைப்பை 1829இல் இருபது வயதில் பெர்லினில் நடத்தி உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தவரும் மெண்டல்சோன்தான்.

நாங்கள் பாடிப் பார்த்தபோது

சில வருடம் முன்பு எங்கள் சபைப் பாடகர் குழுவில் லெந்துக்கு இதை எடுத்தோம். நான் பேஸ். காகிதத்தில் பார்க்க முதல் பக்கம் குழந்தை விளையாட்டு மாதிரி இருந்தது: நாம் எல்லாரும் ஒரே மெட்டு, இசைவு எல்லாம் மேல்குரலுக்கு. அதில்தான் விழுந்தோம். தனியே பாடும்போது ஒருவன் அரைக்கால் சுரம் தாழ்ந்தால் தாங்கிப்பிடிக்கப் பக்கத்துக் குரல் இல்லை. ஆண்கள் ஒரு மயிரிழை இறங்க, சோப்ரானோக்கள் இறங்கிய இடத்திலிருந்தே நாணயமாக எடுத்துக்கொள்ள, மூன்றடித் தாளம் வருவதற்குள் மொத்தக் குழுவும் அரைச் சுரம் கீழே. பியானோவில் தட்டிப்பார்த்தபோது எல்லாருக்கும் முகம் விழுந்துவிட்டது.

கொயர் மாஸ்டர் அண்ணன் கோபப்படவில்லை. "சத்தத்தைக் குறைக்காதீங்க, மூச்சைக் குறைக்காதீங்க. கேள்வி கேக்குற ஆளு தலை குனிஞ்சுகிட்டா கேப்பான்?" என்றார். தலையை நிமிர்த்தியதும் சுருதி பாதி சரியானது, நிஜமாகவே.

உச்சரிப்பு அடுத்த பாடு. என் தாளில் ஜெர்மன் வரிகளுக்குக் கீழே பென்சிலில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தேன். "மிஷ்" என்று எழுதினால் ஷகரம் அதிகமாகிறது, "மிக்" என்றால் முழுக்க வேறு. கடைசியில் "மிஃ" என்று ஆய்தம் போட்டு, வாயைப் புன்னகைபோல வைத்துக் காற்றைத் தேய்த்துவிட வேண்டும் என்று அம்பு வரைந்து வைத்தேன். எங்கள் வரிசையில் நாலு பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

"ஹாரெ"வுக்கு முந்திய இடம்தான் கடைசி வரைக்கும் எங்களைப் பயமுறுத்தியது. ஒத்திகைகளில் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு போய்விடுவார். கலக்கத்திலிருந்து சீக்கிரம் தப்பித்துவிட வேண்டும் என்று உடம்பே அவசரப்படுகிறது. அண்ணன் கையை உயர்த்தி நிறுத்திவைப்பார். ஒரு மூச்சு, அதற்கும் கொஞ்சம் அதிகம். ஆராதனை அன்று அவர் கை அப்படியே உயர்ந்து நின்றது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரும் முந்தவில்லை.